தொட்டியில் நிற்கும் தண்ணீர்

கேமரன் மலையிலுள்ள பிரிஞ்சாங்கில் வாஷிங் மெஷின் தண்ணீர் வடிக்காமல் நின்றால், ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ நிற்பதைவிடத் தொல்லை அதிகம். கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர் இது. பிற்பகல் மூடுபனி இறங்கிவிட்டால் கொடியில் போட்ட துணி போட்டபடியே இருக்கும். இங்கே துணி காய்வதில் பாதி வேலையை மெஷின் பிழிவதுதான் முடித்துத் தருகிறது. தண்ணீர் வடியாத மெஷின் பிழியாது. பிழியாத துணி ஓர் இரவு ஊறினால் ஊசல் வாடை பிடித்துவிடும். அது பள்ளிச் சீருடையாக இருந்தால் மறுநாள் காலை வீடே அல்லோலப்படும்.

பழுதுபார்ப்பவரை அழைப்பதும் சுலபமில்லை. பலருக்கு அவர் ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாகவோ தாப்பா பாதையிலோ ஏறி வர வேண்டும். ஏறி வந்த செலவையும் சேர்த்துத்தான் கூலி கேட்பார்; அது நியாயம். ஆனால் வந்தவர் அடியிலுள்ள பில்டரைத் திறந்து, குழந்தையின் காலுறை ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போவதும் அடிக்கடி நடக்கிறது. அந்தச் செலவை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இந்த அத்தியாயம்.

இங்கே தண்ணீர் வடியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், அது போகிற வழியில் ஏதோ அடைத்திருப்பதே. அதனால் மெஷினைத் திறப்பதில் தொடங்காதீர்கள். வீட்டுக்கு வெளியே, ஓஸ் குழாய் வீட்டோரக் கால்வாயான லோங்காங்கில் விழும் முனையில் தொடங்கி உள்நோக்கி வாருங்கள். பாதி வீடுகளில் முதல் இரண்டு இடங்களிலேயே காரணம் அகப்பட்டுவிடும்.

உங்கள் மெஷின் எந்த வகை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் தொட்டால் வேலை வீண். முன்பக்கம் கண்ணாடிக் கதவுள்ள மெஷின்கள் எல்லாவற்றிலும் அடியில் ஒரு சிறிய பம்ப் உண்டு. அது தண்ணீரை மேலே தள்ளித்தான் வெளியே அனுப்பும். மேலே மூடி திறக்கும் தானியங்கி மெஷின்கள், அதாவது நம் வீடுகளில் அதிகம் இருப்பவை, பலவற்றில் பம்பே கிடையாது. தொட்டிக்கு அடியில் ஒரு ரப்பர் வால்வு இருக்கும். வடிக்கும் நேரம் வந்ததும் ஒரு சின்ன மோட்டார் கம்பியை இழுத்து அந்த வால்வைத் திறக்கும். தண்ணீர் தன் பாரத்தாலேயே இறங்கி ஓடும். மூன்றாவது, துவைக்க ஒரு தொட்டியும் பிழிய ஒரு தொட்டியும் உள்ள இரட்டைத் தொட்டி மெஷின். லயத்து வீடுகளிலும் தோட்டக் கொட்டகைகளிலும் இன்னும் உழைத்துக்கொண்டிருப்பது இதுதான்.

மேல்மூடி மெஷினில் பம்ப் இருக்கிறதா இல்லையா என்பதை ஓஸ் புறப்படும் இடம் சொல்லிவிடும். தரையை ஒட்டிப் பக்கவாட்டில் புறப்பட்டால் பெரும்பாலும் வால்வு வகை. பின்பக்கம் மேலே புறப்பட்டால் பம்ப் வகை. காதும் சொல்லும். வால்வு வகையில் சில நொடி ‘ம்ம்’ என்று ஓர் ஒலி, பிறகு ‘டக்’, அதன் பின் தண்ணீர் ஓடும் ஓசை மட்டும் கேட்கும். பம்ப் வகையில் தண்ணீர் தீரும்வரை பம்ப் உறுமிக்கொண்டே இருக்கும்.

திரையில் எண் காட்டுகிறதென்றால் குறித்து வையுங்கள். எல்ஜியில் ‘ஓஇ’, சாம்சங்கில் ‘5சி’ அல்லது பழைய மாடல்களில் ‘5இ’, பானாசோனிக்கில் ‘யு11’, எலக்ட்ரோலக்ஸில் ‘இ20’, போஷில் ‘இ18’. எல்லாமே தண்ணீர் வடியவில்லை என்ற ஒரே செய்திதான். எந்தப் பாகத்தில் கோளாறு என்பதை இந்த எண்கள் சொல்லாது. எண்ணைப் பார்த்ததுமே பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதிய பம்ப் வாங்குவது பணத்தை லோங்காங்கில் விடுவதற்குச் சமம்.

கையை வைக்கும் முன்

சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். தரை ஈரமாக இருந்தால் காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும். வெந்நீரில் துவைத்திருந்தால் தண்ணீர் ஆறும்வரை பில்டரைத் தொடாதீர்கள்; 60 டிகிரி வெந்நீர் கையைச் சுட்டுவிடும். மின்பெட்டியில் உள்ள ஈஎல்சிபி என்ற மின்கசிவுத் துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது உடனே விழுகிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது. தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் சாதனம் இது. இந்த ஒரு விஷயத்தில் அவசரம் காட்ட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். துவைக்கும் நடுவே மின்சாரம் போய் வந்தால் சில மெஷின்கள் தண்ணீரோடு அப்படியே நின்றுவிடும். கடைசி அலசலில் நிறுத்தி வைக்கும் தெரிவும் சில மெஷின்களில் உண்டு. பிள்ளைகள் அதை அழுத்திவிட்டிருக்கலாம். பிழிதல் மட்டும் என்பதைத் தேர்ந்து ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்த பிறகே மேற்கொண்டு போங்கள்.

வெளிமுனை

ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் லோங்காங் எப்போதும் காலியாக இருக்காது. பலர் ஓஸை நேரே கால்வாய்க்குள் இறக்கி, முனை தண்ணீரில் மூழ்கும்படி விட்டிருப்பார்கள். வறண்ட நாளில் அதனால் ஒன்றும் ஆகாது. கனமழையில் கால்வாய் நிரம்பும்போது முனையில் மண்ணும் இலையும் அடையும். வால்வு வகை மெஷினின் தண்ணீர் இறங்க வழியின்றி நிற்கும். மழை நாளில் மட்டும் தகராறு செய்கிற மெஷின் உங்களுடையது என்றால், காரணத்தை முதலில் இங்கே தேடுங்கள். முனை கால்வாயின் நிறைமட்டத்துக்கு மேலே தொங்க வேண்டும். எலியும் பூச்சியும் ஏறாமல் இருக்க முனையில் சல்லடை கட்டுவோர் உண்டு. அந்தச் சல்லடையே துணிப்பிசிறு படிந்து அடைத்துக்கொள்ளும். கட்டினால் வாரம் ஒருமுறை கழற்றித் தட்ட வேண்டும், முடியாதென்றால் கட்டாதீர்கள்.

அடுத்தது ஓஸின் உயரம். வால்வு வகைக்கு ஓஸ் தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும். பின்வாசல் படியைத் தாண்டுவதற்காக ஓஸைத் தூக்கி வளைத்திருந்தால், தொட்டியின் அடித்தண்ணீர் அந்த மேட்டைத் தாண்டாது. நான்கு விரல் உயரத்துக்கு மேல் தூக்காதீர்கள். சுவரில் ஒரு துளை போட்டு நேரே வெளியே விடுவதே சரியான வழி. பம்ப் வகைக்கு நேர்மாறு. அதன் ஓஸ் பொதுவாக 60 சென்டிமீட்டருக்குக் குறையாமல், ஒரு மீட்டரைத் தாண்டாமல் நிற்க வேண்டும். உங்கள் கையேட்டில் சரியான அளவு இருக்கும். தாழ்ந்து கிடந்தால் துவைக்க நிரப்பும் தண்ணீரே தானாக இழுபட்டு ஓடிவிடும். உயர்ந்தால் பம்ப் திணறும்.

மலை உயரத்தால்தான் பம்ப் பலமில்லாமல் போகிறது என்று இங்கே சிலர் நம்புகிறார்கள். பிரிஞ்சாங்கில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு என்பது உண்மை. ஆனால் தொட்டியில் உள்ள தண்ணீர்மீதும் ஓஸின் வெளிமுனையிலும் அதே காற்றுதான் அழுத்துகிறது. ஒரு மீட்டர் உயரத்துக்குத் தள்ள பம்புக்கு எங்கேயும் ஒரே உழைப்புதான். அதனால் உயரத்தைச் சொல்லிப் பெரிய பம்ப் போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த மலையின் மண்

கேமரன் மலையில் வடிகால் அடைப்பு ஏன் இத்தனை சாதாரணம் என்பதற்கு விடை நாம் உடுத்தும் துணியில் இருக்கிறது. தேயிலைச் சரிவில் செடி தரையை மூடி நிற்பதால் மண் அவ்வளவாக உடம்பில் ஏறாது. கொழுந்தெடுப்பவரின் சட்டைப் பையிலும் மடிப்பிலும் காம்பும் உலர்ந்த இலையும்தான் கிடக்கும். காய்கறிப் படிக்கட்டு நிலத்தில் வேலை செய்தவரின் கால்சட்டையில் களிமண் அப்பியிருக்கும். ஸ்ட்ராபெரி கூடாரத்தில் நின்றவரின் உடையில் தேங்காய்நார்த் தூள் ஒட்டியிருக்கும். களிமண் கனம், அடியில் படியும். நார்த் தூள் மிதக்கும், துணிப்பிசிறோடு சேர்ந்து திரண்டு பந்தாகும். இரண்டும் ஒரே மெஷினில் சேர்ந்தால் வால்வின் வாயில் சுவர் எழுப்பியது மாதிரிதான்.

மழைக்குக் கரைந்து இறங்கும் இந்த மண் என்ன செய்யும் என்பதை ரிங்லெட்டில் பார்க்கலாம். 1963-இல் முடிந்த சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்த்தேக்கத்தில் பெர்த்தாம் ஆறு கொண்டுவந்து சேர்க்கும் வண்டலைத் தேசிய மின்வாரியமான டிஎன்பி தோண்டி எடுத்தபடியே இருக்கிறது. பிரிஞ்சாங் மலையில் பிறந்து நம் ஊர் வழியாகப் போகும் ஆறுதான் அது. தண்ணீர் ஓடும்வரை மண் கூடவே ஓடும், நின்றால் படியும். உங்கள் மெஷினின் அடியிலும் இதுவேதான் நடக்கிறது. ஞாயிறன்று சேற்றுத்துணி துவைத்துவிட்டு அடுத்த ஞாயிறு வரை சும்மா விட்ட மெஷினில், குழாயின் தாழ்ந்த வளைவில் மண் படிந்து இறுகிவிடும். தினமும் ஓடும் மெஷினைவிட வாரத்துக்கு ஒருமுறை ஓடுவது சீக்கிரம் அடைபடுவது இதனால்தான்.

ஆகவே சேற்றுத்துணியை நேரே மெஷினில் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். காய்ந்த மண்ணை வெளியே உதறுங்கள், வாளித் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள், அந்தத் தண்ணீரைச் செடிப் பாத்தியில் ஊற்றுங்கள். பிறகு மெஷினுக்குக் கொடுங்கள். பைகளைத் துழாவுவதும் அப்போதே ஆகட்டும். தக்காளிக் கொடி கட்டும் ராஃபியா கயிற்றுத் துண்டு, 20 சென் காசு, முடி ஊசி, ஆணி எல்லாம் அங்கிருந்துதான் பம்புக்குள் போகின்றன. இவற்றில் ராஃபியா மிகக் கெட்டது. காசு ஓரிடத்தில் கிடக்கும். கயிறு பம்பின் இறக்கையில் சுற்றிக்கொண்டு அதைச் சுழலவே விடாது.

மழைக்கோட்டையும் பிளாஸ்டிக் மேலங்கியையும் மெஷினில் பிழியவே கூடாது. தண்ணீர் அந்தத் துணியைத் தாண்டி வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்கும்; வேகம் பிடிக்கும்போது தொட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து மெஷினே தூக்கியடிக்கும். பார்ப்பவருக்கு வடிகால் கோளாறு போலத் தோன்றினாலும் ஆபத்து அதைவிடப் பெரிது. அவற்றைக் கையால் கழுவித் தொங்கவிடுங்கள்.

முன்கதவு மெஷினைத் திறப்பது

வெளியே எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் நிற்கிறதென்றால், ஓஸைப் பின்பக்கக் கொக்கியிலிருந்து விடுவித்து, முனையை ஒரு தாழ்வான பாத்திரத்தில் தரையோடு வையுங்கள். தண்ணீர் தானாக ஓடி வந்தால் வழி திறந்திருக்கிறது, பம்ப்தான் தள்ளவில்லை. வராவிட்டால் பில்டரிலோ அதற்கு முந்திய குழாயிலோ அடைப்பு. கருவி எதுவும் இல்லாமல் பாதிக் கேள்விக்கு விடை தரும் சோதனை இது.

பில்டர், முன்பக்கம் அடியில் சின்னக் கதவுக்குள் இருக்கும். பக்கத்திலேயே மெல்லிய அவசர வடிகுழாய் இருந்தால் அதன் மூடியை எடுத்து முதலில் தண்ணீரை வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய துண்டுகளைத் தரையில் விரித்து, பில்டரை இடப்பக்கமாகக் கால் சுற்று மட்டும் திருகி, தண்ணீரைச் சிறுகச் சிறுக விடுங்கள். ஒரே மூச்சில் கழற்றினால் பத்து லிட்டர் சமையலறையில் பரவும். கழற்றியதும் பில்டரைக் கழுவுவதோடு நிறுத்தாதீர்கள். உள்ளே டார்ச் அடித்து இறக்கையைப் பாருங்கள், விரலால் சுழற்றுங்கள். அது வழுக்கிக்கொண்டு சுழலாமல் விட்டு விட்டு, தடுக்கித் தடுக்கித் திரும்பும். அதைப் பழுது என்று பலர் எண்ணுகிறார்கள். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் திரும்ப வேண்டும். எந்தப் பிடிப்பும் இல்லாமல் லொடலொடவென்று ஆடினால், அல்லது அசையவே மறுத்தால்தான் பம்ப் கெட்டது.

மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள், பிளக் பிடுங்கிய நிலையில் பம்பின் இரு முனைகளை அளக்கலாம். 240 வோல்ட் பம்புகள் பெரும்பாலும் 100 முதல் 200 ஓம் வரை காட்டும். மீட்டர் முள் அசையவே இல்லையென்றால் உள்கம்பி அறுந்துவிட்டது. கம்பி நன்றாக இருந்து, இறக்கையும் திரும்பி, மெஷினில் போட்டால் மட்டும் ஒலியே இல்லையென்றால் கம்பி இணைப்பிலோ போர்டிலோ கோளாறு. அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பில்டரைத் திரும்ப மாட்டும்போது ரப்பர் வளையத்தில் மணல் துகள் ஒன்று ஒட்டியிருந்தாலும் ஒழுகும். துடைத்து மாட்டுங்கள்.

மேல்மூடி வால்வு வகை

பிழிதலைப் போட்டுவிட்டுக் காது கொடுங்கள். ‘ம்ம்... டக்’ கேட்டும் தண்ணீர் போகவில்லை என்றால் வால்வு இழுபடுகிறது, வாயில் அடைப்பு. ஒலியே இல்லை என்றால் மோட்டாரோ அதன் கம்பியோ. எலி கடித்த கம்பி நம் பக்கம் மிகச் சாதாரணம்; இந்த மெஷின்களில் பலவற்றுக்கு அடிப்பக்கம் திறந்தே இருக்கும். எலித்தடுப்புத் தகட்டைத் தனியாக வாங்கி மாட்டும் வசதி இருந்தால் மாட்டிவிடுங்கள்.

அடைப்பை எடுக்க, பிளக்கை மறுபடி பிடுங்கிவிட்டு, முகந்து எவ்வளவு முடியுமோ அவ்வளவு தண்ணீரை வெளியேற்றுங்கள். ஓஸை மெஷினிலிருந்து கழற்றி, குழாய்த் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சிக் கழுவுங்கள். பிறகு ஆள் துணையோடு மெஷினைச் சாய்த்து வால்வு மூடியைத் திறக்கலாம். தனியாகச் சாய்க்காதீர்கள். வால்வின் ரப்பரில் ஒரு ஊக்கோ உள்ளாடைக் கம்பியோ குத்தி நின்றால் வேறு விதமாகவும் தெரியும்: வால்வு முழுதாக மூடாமல், தண்ணீர் நிரம்ப நிரம்பக் கசிந்துகொண்டே இருக்கும்.

தொட்டியின் தண்ணீர் மட்டத்தை அறிய ஒரு மெல்லிய காற்றுக்குழாய் அடியிலிருந்து மேலே போகிறது. அதன் அடிவாயில் சேறும் சோப்புக் கசடும் அடைத்தால், தொட்டி காலியான பிறகும் தண்ணீர் இருப்பதாகவே மெஷின் நினைக்கும். கண்ணால் பார்த்தால் தண்ணீரே இல்லை, திரையில் மட்டும் வடிகால் எண் என்றால் சந்தேகம் இங்கே.

இரட்டைத் தொட்டி மெஷினில் சொல்ல அதிகமில்லை. வடிகால் குமிழைத் திருப்பும்போது ஒரு நாடா, ரப்பர் அடைப்பானைத் தூக்குகிறது. நாடா அறுந்தால் குமிழ் சும்மா சுற்றும். பின்தகட்டைக் கழற்றினால் கண்ணெதிரே தெரியும், மாற்றுவதும் எளிது.

நுரை

நம் மலை கருங்கல் மலை. அதில் ஊறி வரும் தண்ணீர் மென்னீர். மென்னீரில் சோப்பு நிறைய நுரைக்கும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு கடினநீர் ஊர்களுக்கும் சேர்த்துச் சொன்னது. அதே அளவை இங்கே போட்டால் தொட்டி முழுதும் நுரை ஏறும். பம்புக்குத் தண்ணீரைத் தள்ளத்தான் தெரியும், நுரையைத் தள்ளத் தெரியாது. பம்ப் உறுமும், தண்ணீர் போகாது, எண் வரும். பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் விட்டு நுரை அடங்கியதும் மறுபடி வடித்தால் போய்விடும். அடுத்த முறை பாதி அளவு தூளே போதும்.

குளிர்ந்த தண்ணீரில் தூள் முழுதாகக் கரையாது என்பதும் உண்டு. கரையாத தூளும் துணி மிருதுவாக்கும் திரவமும் கலந்து கொழகொழப்பாகி, குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். மண் வந்து அதில்தான் பிடிக்கிறது. தூளை வெதுவெதுப்பான நீரில் முதலில் கரைத்து ஊற்றுங்கள், அல்லது திரவ சோப்புக்கு மாறுங்கள். வெந்நீர் வசதியுள்ள மெஷினை மாதம் ஒருமுறை 60 டிகிரியில் காலியாக ஓடவிடுங்கள். சுண்ணாம்புக் கறை நீக்கும் மருந்துகளை விற்க வருவார்கள். மென்னீர் ஊரில் அதற்கு வேலையே இல்லை. கால்வாய் அடைப்பை எரித்து நீக்கும் காரத் தூளை மெஷினுக்குள் ஊற்றவே ஊற்றாதீர்கள், ரப்பரும் அலுமினியமும் அரித்துப்போகும். குளோரக்ஸ் வெளுப்பானோடு வினிகரைக் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். சின்ன அறையில் மூச்சு முட்டிவிடும்.

ஆளைக் கூப்பிடும்போது

இத்தனையும் பார்த்துவிட்டு அழைத்தால், ஒரே பயணத்தில் வேலை முடியும்படி அவரால் பாகத்தோடு வர முடியும். “அண்ணே, மெஷின் ஓடல” என்று மட்டும் சொன்னால் வெறுங்கையோடு வந்து பார்த்துவிட்டு, பாகம் வாங்க மறுபடி இறங்க வேண்டியிருக்கும். பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைப் படமெடுத்து அனுப்புங்கள். பிறகு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “அண்ணே, மேல்மூடி மெஷின், யு11 காட்டுது. ஓஸ் முனையப் பாத்தாச்சு, அடைப்பு இல்ல. வடிக்கிற நேரத்துல ‘டக்’ சத்தமே வரல.” இதைக் கேட்டவர் வால்வு மோட்டாரைக் கையோடு எடுத்து வருவார். அவர் வரும்வரை ஈரத்துணியைத் தொட்டியில் வைத்திருக்காதீர்கள். வாளியில் அள்ளிக்கொண்டு பக்கத்து டோபி கடைக்குப் போய்ப் பிழிந்து உலர்த்திவிடுங்கள்.

வேலை முடிந்ததும் அவர் கிளம்புமுன், காலித் தொட்டியில் பாதி தண்ணீர் நிரப்பி வடித்துப் பிழிய வையுங்கள். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே லோங்காங் பக்கம் நின்று பார்க்கட்டும். ஓஸிலிருந்து வரும் தண்ணீர் கனமாக விழ வேண்டும். நூலாக விழுந்தால் இன்னும் எங்கோ அடைப்பு மிச்சமிருக்கிறது. மெஷினுக்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். மறுநாள் காலை அது காய்ந்திருந்தால் ஒழுக்கும் இல்லை.